செல்லம் டாக்கீஸில் சாகக் கிடந்தவர்

லைன்மேன் ஆவுடையப்பனுக்கு வயிற்றில் கட்டி, இன்னும் மூன்று மாதம்தான், கூடக்குறைய இருக்கலாம் என்று பாளையங்கோட்டை டாக்டர் சொல்லியனுப்பிய அதே வாரத்தில்தான், பூவலங்குறிச்சி செல்லம் டாக்கீஸில் ஓடிய பாஷை தெரியாத படத்தில் தினமும் செத்துக்கொண்டிருந்த கிழவர், மூன்றாம் நாள் மேட்னியில் சாகாமல் விட்டுவிட்டார்.

அந்தப் படம் ஊருக்கு வந்ததே தப்பான வழியில். அம்மன் படம் ஒன்று வரவேண்டிய இடத்தில், பஸ்ஸில் பெட்டி மாறி, யாரும் வாசிக்க முடியாத எழுத்து ஒட்டிய தகரப்பெட்டி வந்து இறங்கியது. போஸ்டர் ஒட்டியாகிவிட்டது, தட்டி வைத்த வண்டி நாலு தெருவும் சுற்றியாகிவிட்டது, இனி என்ன செய்ய என்று டாக்கீஸ் முதலாளி தாணுமூர்த்தி தலையைச் சொறிந்துவிட்டு, "வந்தத ஓட்டுங்கடே" என்று சொல்லிவிட்டார். படத்தில் ஒரு வீடு, வீட்டில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஓயாமல் பனி. உள்ளே கட்டிலில் ஒரு கிழவர், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, நாற்காலியில் யாரும் இல்லை. பாதிப் படம்வரை அந்தக் கிழவர் சிரிக்கவைத்தார். நர்ஸம்மாவின் ஒற்றைச் செருப்பை ஒளித்துவைத்தார், கஞ்சியை நாய்க்கு ஊற்றிவிட்டுத் தான் குடித்ததுபோல வாயைத் துடைத்துக்கொண்டார், ஜெபம் பண்ண வந்த பாதிரியார் முன்னால் பொய்க்குறட்டை விட்டார். அப்புறம் மெல்ல மெல்லச் சிரிப்பு குறைந்து, ஜன்னலைப் பார்த்தபடியே செத்துப்போனார். முதல் நாள் செத்தார். இரண்டாம் நாளும் அதே இடத்தில் செத்தார். மூன்றாம் நாள் ஜன்னலைப் பார்த்தார், பார்த்துவிட்டுத் தலையை இந்தப் பக்கம் திருப்பினார், தியேட்டரில் உட்கார்ந்திருந்த நாற்பத்து மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார், போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு தூங்கிவிட்டார். போர்வை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நாற்பத்து மூன்று பேரும் அவர் தூக்கம் கலையக்கூடாதென்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒருநாள் படம்போல மறுநாள் படம் இல்லை. ரீல் என்னவோ அதே ரீல்கள்தான். ஆபரேட்டர் கைலாசம் கையால் தூக்கிப் பார்த்தான், கனம்கூட மாறவில்லை. ஆனால் மெஷினில் மாட்டினால் கிழவர் நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று இருமினார். கைலாசம் இதைப்பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை, படத்தை ஓட்டுவது அவன் வேலை, அது ஓடிக்கொண்டிருந்தது.

ஊரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. சாகக் கிடக்கிற ஒரு மனுஷர் ஊருக்குள் வந்துவிட்டார், இனி போய்ப் பார்க்காமல் இருந்தால் நன்றாக இருக்காது, அவ்வளவுதான். சீமைப்பெரியவர் என்று பேர் வைத்தார்கள். முதல் வாரத்திலேயே திரைக்குக் கீழே ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சேர ஆரம்பித்தன. நோயாளி முன்னால் முறுக்கு கடிப்பது முறையில்லை என்று தாணுமூர்த்தி இடைவேளையை எடுத்துவிட்டார். கம்பவுண்டர் ஜேசுதாசன் முதல் வரிசையில் நின்று, எட்டடி உயரக் கண்ணை அண்ணாந்து பார்த்து, மஞ்சக்காமாலைதான், கீழாநெல்லி கொடுக்கலாம் என்றார். கோயில் பட்டர் திரையின் ஓரத்தில் திருநீறு பூசினார், பள்ளிவாசல் அசரத்து வந்து ஓதி ஊதிவிட்டுப் போனார். கிழவர் என்ன பேசுகிறார் என்று தெரிந்துகொள்ள, தூத்துக்குடியில் கப்பல் சமையற்காரராக இருந்து ஓய்வு பெற்ற கஸ்பாரைக் கூட்டிவந்தார்கள். கஸ்பாருக்கு அந்தப் பாஷையில் ரொட்டிக்கு மட்டும்தான் வார்த்தை தெரியும். அதனால் கிழவர் எதைச் சொன்னாலும், "ரொட்டி கேக்காரு" என்று சொல்லிவந்தார். ஒருநாள் கிழவர் கால்மணி நேரம் விடாமல் பேசி அழுதபோதும் கஸ்பார் அதையேதான் சொன்னார், ஜனங்கள் பேக்கரியிலிருந்து ஒரு கூடை ரொட்டி வாங்கிவந்து வைத்தார்கள்.

செல்லம் டாக்கீஸுக்குப் போகிற தெரு, ஆவுடையப்பன் வீட்டு வாசல் வழியாகத்தான் போனது.

ஆவுடையப்பனும் சாகத்தான் கிடந்தார். அவருக்கு எழுபத்தோரு வயது. பூவலங்குறிச்சியில் எரிகிற ஒவ்வொரு பல்புக்கும் கம்பி இழுத்த கை அவருடையது. புயலில் சாய்ந்த கம்பங்களில் ஏறியிருக்கிறார், ஒருதடவை ஷாக்கடித்துப் புளியமரத்தில் போய் விழுந்திருக்கிறார். டாக்டர் சொன்ன சேதி ஊருக்குத் தெரிந்த அன்றே முகச்சவரம் பண்ணி, சலவை வேட்டி கட்டி, முன்னறைக் கட்டிலில் சாய்ந்துகொண்டு ஊர் வந்து பார்க்கட்டும் என்று காத்திருந்தார். எட்டு நாள் காத்திருந்தார். வந்தது மூன்று பேர். வந்த மூன்று பேரிடமும், "இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?" என்று கேட்டார். நாலாவது ஆள் வரவில்லை.

அவர் சுபாவம் அப்படி. யார் வீட்டில் புதிதாக ஃபேன் மாட்டினாலும் அவருக்கு வியர்த்தது. யார் வீட்டில் ஃபிரிட்ஜ் இறங்கினாலும், "மீட்டரு ஓடும் பாரு, குதிர மாதிரி" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் நகர்வார். மேலத்தெருவில் மழை கூடுதலாகப் பெய்ததென்று ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்திருக்கிறார். தன் பொறாமை தனக்கே தெரியும் அவருக்கு, பல்வலிக்காரனுக்குத் தன் பல் தெரிவதுபோல. நாக்கு போய்ப்போய் அதையே தொடும்.

இப்போது தினமும் பகல் இரண்டு மணிக்கு ஜனங்கள் அவருடைய ஜன்னலைத் தாண்டிப் போனார்கள், கையில் பழமும் ஃபிளாஸ்கும் வைத்துக்கொண்டு. போகிறபோக்கில், "எப்படி இருக்கீய அண்ணாச்சி?" என்று கேட்டார்கள், பதிலுக்கு நிற்கவில்லை. அவர் கட்டிலை ஜன்னலோரமாக இழுத்துப் போடச் சொன்னார். சரியாக இரண்டு மணிக்குக் கொஞ்சம் சத்தமாக முனகிப் பார்த்தார். ஒருத்தன் நின்றான். கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்து, "மேட்னி தொடங்கியாச்சா அண்ணாச்சி?" என்று கேட்டான்.

எல்லாவற்றையும் பொறுத்திருப்பார். அவர் பெண்டாட்டி உலகம்மாளும் ஒருநாள் ஃபிளாஸ்கைக் கழுவி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நாற்பத்தாறு வருஷத்தில் ஒரு படத்துக்குக் கூட்டிப் போகவில்லையே என்று கேட்டவள் இல்லை. படம் பார்க்க வேண்டும் என்று சொன்னவளும் இல்லை. மாலை திரும்பி வந்தவள் கண் சிவந்திருந்தது.

"எங்க போயிட்டு வார?"

"அந்தப் பெரியவரப் பாத்துட்டு வாரேன்."

"இங்கன ஒருத்தன் சாகக் கெடக்கேன், கண்ணு தெரியலயா ஒனக்கு?"

"ஒங்களத்தான் தெனமும் பாக்கேனே. அவருக்கு ஆரு இருக்கா? பக்கத்துல ஒரு நாற்காலி கெடக்கு, அதுல ஒரு ஆளு வந்து உக்காந்து நான் பாக்கல."

"அது படம்டி."

"படம்னா வலிக்காதாக்கும்?"

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "அவன் சீக்கு என் சீக்க விடப் பெருசா?"

உலகம்மாள் பொய் சொல்லத் தெரியாதவள். நன்றாக யோசித்தாள். "பாத்தா அப்படித்தான் தெரியுது" என்றாள்.

அதிலும் அவரால் விழுங்கவே முடியாத ஒன்று இருந்தது. அந்தக் கிழவரை ஊருக்குக் காட்டுகிறவன் கைலாசம். ஆவுடையப்பனின் கூடப்பிறந்த தம்பி. பத்தொன்பது வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவை நாலு வருஷம் தூக்கி, துடைத்து, ஊட்டியது ஆவுடையப்பன். கைலாசம் அப்போது தென்காசியில் ஒரு தியேட்டரில் வேலை பார்த்துக்கொண்டு, மாசத்துக்கு ஒருமுறை அல்வா வாங்கிக்கொண்டு வந்து போனான். அம்மா போன அன்று காலை, ஆவுடையப்பன் மடியில் தலையை வைத்துக்கொண்டு, ஆவுடையப்பன் ஊற்றிய தண்ணீரைக் குடித்துவிட்டு, "கைலாசம்" என்றாள். மூன்று தடவை சொன்னாள். நாலாவது தடவை வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மத்தியானம் கைலாசம் ஓடிவந்து சேர்ந்தபோது ஆவுடையப்பன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சுடுகாட்டில் வைத்து, "இனி எனக்கு நீ தம்பியும் இல்ல, ஒனக்கு நான் அண்ணனும் இல்ல" என்றார். காரணம் சொல்லவில்லை. தாமதமாக வந்ததுதான் காரணம் என்று ஊரும் நினைத்தது, கைலாசமும் நினைத்தான்.

முப்பத்தோராம் நாள் காலையில் அடுப்படியிலிருந்து நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்ந்து காயும் மணம் வந்தது. உளுந்தங்களி. ஆவுடையப்பன் உயிரையே விடுகிற பண்டம். வாயூற எழுந்து உட்கார்ந்தார். உலகம்மாள் அவருக்கு ஒரு கிண்ணத்தில் நொய்க்கஞ்சி கொண்டுவந்து வைத்தாள்.

"களி?"

"ஒங்களுக்கு எண்ணெ ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருல்லா. அது பெரியவருக்கு. நேத்து எந்திரிக்கவே மாட்டேன்னுட்டாரு, இடுப்புல சத்து இல்ல." தூக்குச்சட்டியை மூடி, முந்தானையால் துடைத்து, அவள் பகல் ஒன்றரைக்கே போய்விட்டாள்.

ஆவுடையப்பன் கஞ்சியைப் பார்த்தார். எழுந்தார். சட்டையை மாட்டினார், ரிட்டயர் ஆனபிறகும் ஆணியில் தொங்கிய டெஸ்டரை எடுத்துப் பையில் குத்தினார். இரண்டு தெரு நடப்பதற்குள் மூன்று இடத்தில் உட்கார்ந்தார். டாக்கீஸின் முன்வாசல் பக்கம் போகவில்லை, பின்பக்கம் எருக்கஞ்செடிகளுக்கு நடுவே மீட்டர் பெட்டி இருக்கிற இடத்துக்குப் போனார். அந்தப் பெட்டியை அங்கே மாட்டியதும் அவர்தான். கதவைத் திறந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று பீஸ் கட்டைகளைப் பிடுங்கி, மடியில் கட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்தார்.

உள்ளே மெஷின் சத்தம் நின்றது. ஃபேன்கள் சுற்றிச்சுற்றி ஓய்ந்தன. அவர் எதிர்பார்த்தது கூச்சல், விசில். ஒன்றும் வரவில்லை. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தது. அப்போது கிழவரின் குரல் கேட்டது. கரண்டு இல்லை, படம் இல்லை, ஒலிபெருக்கி செத்துக் கிடந்தது, குரல் மட்டும் வந்தது. தடவித்தடவி எதையோ தேடுகிற குரல். ஒரே வார்த்தை, திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சின்னதாக.

அந்த வார்த்தை என்னவென்று ஆவுடையப்பனுக்குத் தெரியாது. அந்தச் சத்தம் தெரியும். வலி ஏறும்போது, உலகம்மாளுக்குக் கேட்கக்கூடாதென்று துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அவர் போடுகிற சத்தம் அது. அவருடைய தொண்டைக்குள்ளிருந்து யாரோ திருடிக்கொண்டு போனதுபோல அச்சு அசலாக இருந்தது.

மடியை அவிழ்த்தார். முதல் கட்டையைச் சொருகினார், இரண்டாவதைச் சொருகினார், மூன்றாவது நிற்கவில்லை, நழுவி எருக்கஞ்செடிக்குள் விழுந்தது. முப்பத்தைந்து வருஷம் இந்த வேலையைப் பார்த்த கை. குனிந்தால் எழுந்திருக்க முடியாது என்று தெரிந்தும் குனிந்தார். அவருக்கு முன்னால் இன்னொரு கை அதை எடுத்தது.

ஊரில் டாக்கீஸ் பீஸைப் பிடுங்கக்கூடிய ஆள் யார் என்று கைலாசத்துக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஆபரேட்டர் ரூமிலிருந்து நேரே பின்பக்கம் ஓடிவந்திருந்தான். அண்ணனைப் பார்த்தான். பிடுங்கினீர்களா என்று கேட்கவில்லை.

"விடுங்கண்ணே, நான் போடுதேன்."

"ஈரக்கையோட தொடாதல" என்றார் ஆவுடையப்பன். பத்தொன்பது வருஷத்தில் தம்பியிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். கைலாசம் கையை வேட்டியில் துடைத்துவிட்டுக் கட்டையைச் சொருகினான். உள்ளே வெளிச்சம் வந்ததும் ஊர் மொத்தமும் மூச்சை விட்டது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. ஆவுடையப்பனின் கால் அப்போதுதான் துவண்டது. கைலாசம் அவரைத் தோளோடு அணைத்துப் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுபோனான்.

திரைக்குப் பக்கத்துக் கதவு அது. உள்ளே நுழைந்தால் எல்லார் கண்ணும் படுகிற இடம். உலகம்மாள் மூன்றாம் வரிசையிலிருந்து தூக்குச்சட்டியோடு ஓடிவந்தாள். "அறிவு இருக்கா ஒங்களுக்கு, இந்த வெயில்ல, இந்த ஒடம்ப வச்சிக்கிட்டு" என்று ஏசிக்கொண்டே அவரைக் கீழே உட்காரவைத்து, சட்டைப் பித்தானைக் கழற்றி, முந்தானையால் முகத்தையும் கழுத்தையும் அழுத்தித் துடைத்தாள். கம்பவுண்டர் நாடி பிடித்தார். யாரோ சோடா உடைத்தார்கள், யாரோ அட்டையால் விசிறினார்கள், கைலாசம் அண்ணன் பாதத்தைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஆவுடையப்பன் கண்ணைத் திறந்து மேலே பார்த்தார்.

சீமைப்பெரியவர் முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே முப்பத்தொரு நாள் ஆரஞ்சும் ரொட்டியும் ஹார்லிக்ஸும் குவிந்திருந்தன, அதில் ஒன்றைக்கூட அவரால் தொட முடிந்ததில்லை. ஊரே வந்தது, ஒருத்தர் கையும் அவர் நெற்றியை எட்டியதில்லை. அவர் பழத்தைப் பார்க்கவில்லை, ரொட்டியைப் பார்க்கவில்லை. உலகம்மாளின் முந்தானையைப் பார்த்தார். கைலாசத்தின் மடியில் கிடந்த பாதத்தைப் பார்த்தார். கீழுதடு லேசாகத் துருத்திக்கொண்டு, கண் சுருங்கி, விழுங்க முடியாத ஒன்றை விழுங்குகிற பார்வை அது. அந்தப் பார்வையை ஆவுடையப்பன் எழுபத்தோரு வருஷமாக உள்ளேயிருந்தே அறிந்தவர். அதன் எதிரே உட்கார்ந்திருப்பது அன்றுதான் முதல் தடவை. என்னைப் பார்த்தா? என்னைப் பார்த்தா இந்த மனுஷருக்கு வயிறு எரிகிறது?

"என்னவே பாக்கேரு?" என்றார் திரையைப் பார்த்து.

பெரியவர் நீளமாக என்னவோ சொன்னார்.

"ரொட்டி கே..." என்று கஸ்பார் ஆரம்பித்தார். "சும்மா கெடயும்வே" என்று ஆவுடையப்பன் அதட்டினார். "அவரு கேக்கது எனக்குத் தெரியும்." பிறகு உலகம்மாளின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். "இவ கை சொரசொரன்னு இருக்கும். துடைச்சா தோல் எரியும். முந்தானையில மஞ்சளும் அடுப்புக்கரியும் மணக்கும், மூக்க மூடணும்போல இருக்கும், மூட மனசு வராது. புரியுதா? உள்ளங்கை மட்டும் எப்பவும் குளுந்து கெடக்கும், சொம்புத்தண்ணி மாதிரி." நாற்பத்தாறு வருஷத்தில் உலகம்மாளைப் பற்றி அவர் இவ்வளவு வார்த்தை பேசியதில்லை. அவள் கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். சீமைப்பெரியவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார், யாரோ நெற்றியைத் துடைத்துவிட்டதுபோல முகம் இளகியது.

மறுநாளிலிருந்து ஆவுடையப்பனுக்குத் திரைக்கு முன்னால் ஒரு பிரம்பு நாற்காலி போட்டார்கள். கைலாசமே வந்து சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவான். பெரியவருக்கு எட்டாதவற்றையெல்லாம் ஆவுடையப்பன் வாங்கிப் பார்த்துச் சொல்ல வேண்டும், அது அவர் வேலையாயிற்று. ஆரஞ்சு புளிப்பு, நேற்றையது பரவாயில்லை என்பார். உளுந்தங்களியைச் சுண்டுவிரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்து, கண்ணை மூடி, அது தொண்டைக்குள் இறங்குகிற வழியெல்லாம் சொல்வார். கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டுதான் சொன்னார், அதை மறைப்பதற்கில்லை. பெரியவரும் சும்மா இல்லை. தன் ஜன்னலுக்கு வெளியே விழுகிற பனியைக் காட்டி என்னவோ ஜம்பமாகப் பேசுவார். "எங்க ஊருல வெயிலு இருக்குவே" என்பார் இவர். இரண்டு பேரும் ஆளுக்கொரு பாஷையில் சண்டை போடுவார்கள். ஊர் நடுவில் உட்கார்ந்து சிரித்தது. ஒருநாள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வலி வந்தது. அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்தார், இவர் நாற்காலிக் கையைப் பிடித்தார், ஒருவரையொருவர் பார்த்தபடி அது இறங்குகிறவரை இருந்தார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அந்த மேட்னி முடிந்து எல்லாரும் போனபின் கைலாசம் வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"அண்ணே, அவருக்கு எல்லாம் சொல்லுதீக. எனக்கு ஒண்ணு சொல்லுங்க. அம்மா கடைசியா எப்படி இருந்தா?"

ஆவுடையப்பன் வெறும் திரையைப் பார்த்தார்.

"நான் வந்து சேரல, தப்புதான். ஆனா ஒங்க மடியில, ஒங்க கையால தண்ணி குடிச்சிட்டுப் போனா. அத நெனச்சு நெனச்சு இந்தப் பத்தொன்பது வருஷமா எனக்கு வயிறு எரியுதுண்ணே. அண்ணனுக்குக் குடுத்துவச்சிருக்கே, எனக்கு இல்லையேன்னு."

ஆவுடையப்பன் திரும்பித் தம்பியைப் பார்த்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. இவன் எப்போது கிழவன் ஆனான்?

"ஒம்பேரத்தான்ல சொன்னா" என்றார்.

"ஆரு?"

"அம்மா. கடைசியில. மூணு தடவ. எம்மடியில படுத்துக்கிட்டு ஒம்பேரச் சொன்னா. அத ஒனக்குக் குடுக்கக் கூடாதுன்னு வச்சிருந்தேன்."

கைலாசம் கோபப்படுவான் என்று நினைத்தார், எழுந்து போய்விடுவான் என்று நினைத்தார். அவன் முழங்காலால் நகர்ந்து நாற்காலிக்கு அருகே வந்து, "எப்படிச் சொன்னா? சொல்லுங்க. எப்படிக் கூப்பிட்டா?" என்று கேட்டான்.

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார். பத்தொன்பது வருஷமாக ஒருநாள் விடாமல் காதில் கேட்ட குரல் அது, ஒரு இழை பிசகாமல் வந்தது. முதல் தடவை வெயிலில் விளையாடுகிறவனைச் சோற்றுக்குக் கூப்பிடுவதுபோல, இரண்டாம் தடவை கொஞ்சம் அதட்டலாக, மூன்றாம் தடவை பக்கத்தில் வந்துவிட்டவனிடம் சொல்வதுபோல. காலியான டாக்கீஸில் கைலாசம் மூன்று தடவையும், "இந்தா வாரேம்மா" என்று பதில் சொன்னான்.

நாற்பத்தாறாம் நாள் மேட்னியில் சீமைப்பெரியவர் இறந்தார். ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. பிரம்பு நாற்காலியைப் பார்த்தபடி இருந்தார், பார்வை இருந்த இடத்திலேயே நின்றது. நர்ஸம்மா வந்து கண்ணை மூடினாள். யாரும் வாசிக்கத் தெரியாத எழுத்துகள் வரிசை வரிசையாகக் கீழேயிருந்து மேலே ஏறிப் போயின, கடைசி எழுத்து மறைகிறவரை ஊர் எழுந்து நின்றது. 'முந்திக்கிட்டாரே' என்று ஆவுடையப்பனுக்கு முதலில் தோன்றியது. அப்புறம்தான் அழுதார்.

மறுநாள் காலை தகரப்பெட்டியை பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். ஆண்கள் எல்லாரும் பஸ் ஸ்டாண்டுவரை பின்னால் நடந்தார்கள், டிரைவர் ஊர் எல்லை தாண்டுகிறவரை ஹாரன் அடிக்கவில்லை. திரும்பி வரும்போது கம்பவுண்டர் ஒரு சந்தேகம் கேட்டார். சாவு நடந்திருக்கிறது, துட்டி கேட்க வேண்டும், எந்த வீட்டுக்குப் போய்க் கேட்பது? ஊர்ப் பாதிரியாரும் பட்டரும் அசரத்தும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்க வீட்டுக்கு வாங்க" என்றார் ஆவுடையப்பன், சைக்கிள் கேரியரில் இருந்தபடி.

வந்தார்கள். இரண்டு நாள் ஓயாமல் வந்தார்கள், ஃபிரிட்ஜ் வாங்கியவர்கள், ஃபேன் மாட்டியவர்கள், மேலத்தெருக்காரர்கள் எல்லாரும். இடம் போதாமல் தெருவில் ஜமுக்காளம் விரிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொருத்தரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்தார்கள், அவர் செருப்பு ஒளித்த கதையையும் பொய்க்குறட்டையையும் சலிக்காமல் சொன்னார், நல்ல மனுஷன், வீம்பு மட்டும் கொஞ்சம் கூட என்றார். பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். கம்பவுண்டர் பெண்டாட்டி எஸ்தர் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதுகொண்டே இருந்ததைப் பார்த்து அவருக்குள் பழைய பல் சுண்டியது. நேராகவே கேட்டுவிட்டார்.

"ஏ தாயி, எனக்கும் இப்படி அழுவியா?"

எஸ்தர் அழுகையை நிறுத்தி, அவரை மேலும் கீழும் பார்த்தாள். "பாப்போம் அண்ணாச்சி" என்றாள்.

ஆவுடையப்பன் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்குது வலிக்குது என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். துட்டி வீட்டில் சிரிக்கலாமா என்று தெரியாமல் முதலில் முழித்தவர்கள், அப்புறம் அடக்க முடியாமல் கூடச் சேர்ந்துகொண்டார்கள்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் இருந்தார். போனது ஒரு வியாழக்கிழமை முற்பகல். ஊரில் அதிசயம் எதுவும் நடக்கவில்லை, கரண்டுகூடப் போகவில்லை. உலகம்மாள் அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கைலாசம் கட்டிலில் உட்கார்ந்து, அண்ணன் கையைத் தன் தொடைமேல் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தான். ஏழாவது விரலை முடித்தபோது கை கனத்தது. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தான், கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து, மீதி மூன்று விரலுக்கும் அவசரப்படாமல் வெட்டி முடித்து, துணுக்குகளை உள்ளங்கையில் கூட்டி எடுத்துக்கொண்டு, மதினியைக் கூப்பிட்டான்.